இல்லத்தில் ஒலிப்பதிவு அறை

தில்லி வானொலி நிலையம் 1936-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் ஒலிபரப்பைத் தொடங்கியபோது அதற்கெனக் கட்டப்பெற்ற மாளிகை இல்லை. அலிப்பூர் சாலை 18-ஆம் எண் பங்களாவே நிலையமாயிற்று. பாராளுமன்றத் தெருவின் ஒலிபரப்பு மாளிகை 1943-இல்தான் அமைந்தது. ஆதலின், குடியிருக்கும் அறையைப் பாடும் அறையாக மாற்றும் வேலை தலைநகருக்குப் புதியதன்று. கணிப்பொறியும் நல்ல மைக்கும் கைக்கெட்டிவிட்ட இன்று அவ்வேலையைப் பலர் தம் இல்லங்களிலேயே மேற்கொள்கின்றனர். பணத்தை வீணாக்குவோரும் அவர்களுள் உளர்.

இரு வேறு குறைகளை ஒன்றெனக் கருதுவதே அதற்குக் காரணம். வெளியோசை உட்புகுவது ஒன்று. உள்ளே எழுந்த ஒலி சுவர்களில் மோதித் தேயாது நின்று முழங்குவது மற்றொன்று. முன்னதைத் தடுக்கக் கனமான சுவரும் சந்தில்லாத கதவும் வேண்டும். பின்னதற்கு ஒலியை உட்கவரும் நுண்துளைப் பொருள் வேண்டும். சுவரில் எவ்வளவு பஞ்சு ஒட்டினும் தெருவின் ஹாரன் ஓசை குறையாது.

முழக்கத்தைக் கணக்கிடும் வழியை வகுத்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன். 1895-இல் ஒரு விரிவுரைக் கூடத்தைச் சீர்திருத்தும் பொறுப்பை ஏற்ற அவர், வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து பரப்பி, ஒலி தேயும் நேரத்தை இரவு வேளைகளில் அளந்தார். அறையின் கன மீட்டரை 0.161-ஆல் பெருக்கி, மொத்த உட்கவர் அளவால் வகுத்தால் முழக்க நேரம் வினாடியில் கிடைக்கும். ஒலியாற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறையும் காலம் அது.

நீளம் 4 மீட்டர், அகலமும் உயரமும் 3 மீட்டர் உள்ள அறையின் உட்பரப்பு 66 சதுர மீட்டர். வெறுஞ்சுவரும் கல்தரையும் ஒலியில் நூற்றுக்கு 3 பங்கே கவர்வதாகக் கொண்டால் முழக்கம் ஏறத்தாழ 3 வினாடி நீடிக்கும். பதிவுக்கு 0.3 வினாடி போதும். நூற்றுக்கு 80 பங்கு கவரும் பொருளை ஏறத்தாழ 23 சதுர மீட்டருக்கு அமைத்தால் அந்நிலை எய்தும். அறை முழுவதையும் மூடுவது வீண்.

பரப்பைவிடத் தடிமனிலேயே பலர் தவறுகின்றனர். வினாடிக்கு 100 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர், விரற்கடை நுரைத்தகடு அதனை என் செய்யும்? உயர்ந்த ஒலிகளை மட்டும் அது விழுங்க, குரல் மங்கி, மிருதங்கத்தின் தொப்பி ஒலியோ அறையெங்கும் உருளும். மேலும் அகலமும் உயரமும் சமமாயின், வினாடிக்கு 57 அதிர்வுள்ள ஒலி இரு திசைகளிலும் ஒருங்கே வலுப்பெறும். 10 சென்டிமீட்டர் பாறைப்பஞ்சைத் துணியால் போர்த்து, சுவரினின்று ஒரு சாண் தள்ளி, முதலில் மூலைகளில் நிறுத்துதல் நலம். தில்லிக் குளிருக்குத் தைத்த பழைய பருத்தி ரஜாயும் அவ்வாறே தொங்கவிட்டால் நடுத்தர ஒலிகளுக்கு உதவும். முட்டை அட்டைகளால் பயன் மிகச் சிறிது. மலிவான நுரைத்தகடு எளிதில் தீப்பற்றி நச்சுப்புகை கக்குவதால் அதனை விலக்கவே வேண்டும்.

பதிந்ததைக் கேட்டுத் திருத்துவோர் குறுகிய சுவரை நோக்கி, அறையின் நடுமையத்தைத் தவிர்த்து, இருபுறமும் ஒத்திருக்க அமர்தல் வேண்டும். உதவியாளர் ஒருவர் கண்ணாடியைப் பக்கச்சுவரை ஒட்டி நகர்த்துகையில், அமர்ந்தவர்க்கு எவ்விடத்தில் ஒலிபெருக்கி தெரிகின்றதோ அவ்விடத்தில் ஒலிகவர் பலகை வைக்கத்தக்கது.

கதவின் நாற்புறமும் ரப்பர்ப் பட்டை இட்டு, சாளரத்திற்கு இடைவெளி விட்டு இரண்டாம் கண்ணாடி பொருத்தினால் தெருவோசை பெரிதும் தணியும். ஆனால் காற்றும் நின்றுவிடும். மே மாதத்து வெப்பத்தில் அவ்வறையில் பாடுதல் அரிது. கூலரோ தானே இரைச்சல் எழுப்பும். முன்னதாக அறையைக் குளிர்வித்துக்கொண்டு, ஒரு பாட்டு முடியும்வரை அதனை நிறுத்திவைப்பதே செலவற்ற வழி.