வட்டியைக் குறைக்கும் சேமிப்பு, உதவியைத் தடுக்குமா?



1960களிலும் 1970களிலும் நம் நாட்டிலிருந்து தாதியர் பயிற்சிக்கு இங்கிலாந்து சென்று, அங்கேயே குடும்பமாகிவிட்ட பெண்கள் பலர். அத்தகைய குடும்பத்தைச் சேர்ந்த தம் தங்கை மகனைப் பற்றி, எங்கள் தோட்டத்துப் பாட்டி ஒருவர் என்னிடம் கவலையோடு கேட்டார். "அவனுக்கு வேலை போயிடுச்சு, வாத்தியாரே. உதவிப் பணம் கேட்டா, கையில சேமிப்பு இருக்குன்னு மறுத்துட்டாங்களாம். வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கிறப்ப சேமிப்பு ஏது?"

நியாயமான கேள்வி. விளக்கத்தைக் காண்போம்.

கடைக்காரரிடம் உங்களுக்கு 100 வெள்ளி கடன். 20 வெள்ளியை அவரிடமே கொடுத்து, "இது என் பணம், வேண்டும்போது எடுத்துக்கொள்வேன், அதுவரை 80 வெள்ளிக்கு மட்டும் வட்டி போடுங்கள்" என்கிறீர்கள். இங்கிலாந்தில் 'ஆஃப்செட்' வீட்டுக்கடன் என்பது இதுவே. கடன் 100,000 பவுன், சேமிப்பு 20,000 பவுன் என்றால் வங்கி 80,000 பவுனுக்கே வட்டி கணக்கிடும்.

வங்கி இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது. உதவி வழங்கும் அலுவலகமோ தனித்தனியாகப் பார்க்கிறது. குடியிருக்கும் வீட்டை அது சொத்தாகக் கணக்கிடுவதில்லை. வீட்டுக் கடனைச் சேமிப்பிலிருந்து கழிப்பதும் இல்லை. 20,000 பவுன் எடுக்கக்கூடிய பணம். ஆகவே அது சேமிப்பே.

2013இல் தொடங்கிய 'யுனிவர்சல் கிரெடிட்' உதவிக்கு வரம்பு உண்டு. கணவன் மனைவி இருவர் சேமிப்பும் சேர்த்து 16,000 பவுனைத் தாண்டினால் உதவி இல்லை. 6,000 பவுன் வரை தடையில்லை. இடைப்பட்ட தொகையில் ஒவ்வொரு 250 பவுனுக்கும், அதன் பகுதிக்கும், மாதம் 4 பவுன் 35 பென்ஸ் குறைப்பார்கள்.

சரி, வழி என்ன? அக்குடும்பம் 12,000 பவுனைக் கடனில் கட்டிவிட்டால் கடன் 88,000, சேமிப்பு 8,000. வட்டி முன்போலவே 80,000 பவுனுக்குத்தான். ஆனால் சேமிப்பு வரம்புக்குள் வந்துவிடும். மாதம் 34 பவுன் 80 பென்ஸ் மட்டுமே குறையும். வேண்டுமென்றே பணத்தைக் கைவிட்டவர்களுக்கு உதவி மறுக்கப்படலாம். எனினும், கடனை அடைப்பதை யுனிவர்சல் கிரெடிட் சட்டம் அவ்வாறு கருதுவதில்லை.

அவசரப்படவும் கூடாது. கடனில் கட்டிய பணத்தை ஆபத்துக்குத் திரும்ப எடுக்க முடியாமல் போகலாம். முன்கூட்டியே கட்டுவதற்குச் சில வங்கிகள் அபராதம் விதிக்கும். ஆகவே முதலில் வங்கியைக் கேட்க வேண்டும். 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' என்னும் அமைப்பு இலவசமாக ஆலோசனை தரும்.

மற்றொன்று. நம் சொக்சோவைப் போல், அங்கே தேசியக் காப்புறுதிச் சந்தா கட்டியவர்களுக்கு வேலையிழந்தால் ஒரு படி உண்டு. அதற்குச் சேமிப்பு தடையாகாது. மறுத்துவிட்டார்களே என்று சோர்ந்து, இதைக் கேளாமல் விடக் கூடாது.

பாட்டியிடம் இவ்வளவையும் தாளில் எழுதிக் கொடுத்தேன். உங்கள் உறவினரும் அங்கிருந்தால், தொலைபேசியில் பேசும்போது எடுத்துச் சொல்லுங்கள்.