பழம்புடவையும் வாழை நாரும்
ஓய்வுக் காலத்திற்கேற்ற இரு கைத்தொழில்கள்

சொர்ணவாரி அறுவடைக்கும் சம்பா நடவுக்கும் இடைப்பட்ட நாட்களிலும், ஏரியில் நீர் வற்றிய கோடையிலும் குடியானவர் வீடுகளில் வேலை குறைந்திருப்பது வழக்கம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கிராமங்களில் இவ்வோய்வு முன்னிலும் அதிகரித்திருக்கிறது. 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலை திறக்கப்பட்டது. இவற்றைச் சூழ்ந்து மற்றும் பல தொழிற்சாலைகள் எழும்பின. நிலத்தின் ஒரு பகுதி ஆலைகளுக்குப் போய், பிள்ளைகள் கூலிக்குச் சென்றுவிட்ட வீடுகளில், மீதிக் காணியைப் பார்த்துக்கொள்ளும் பெரியோர்க்கும் பெண்டிர்க்கும் பகற்பொழுது நீண்டே இருக்கிறது. அப்பொழுதை இன்பமாகவும் பயனுள்ளதாகவும் கழிப்பதற்கு, வீட்டிற் கிடக்கும் பழம்புடவையும் தோட்டத்திற் கிடக்கும் வாழை மட்டையும் போதுமானவை.

கந்தையின் பெருமை

கந்தை என்னுஞ் சொல்லை நம்மவர் இழிவாகவே வழங்குகின்றனர். அதே சொல் வங்காளத்தில் காந்தா என வழங்கி, பழந்துணிகளை அடுக்கித் தைத்த அழகிய போர்வையைக் குறிக்கின்றது. கர்நாடகத்தின் வட கன்னட ஜில்லாவில் வாழும் சித்தி வகுப்புப் பெண்டிர் தைக்கும் கவந்தி என்னும் ஒட்டுப் போர்வையும் புகழ் பெற்றது. அவர்கள் ஒரு மூலையில் தொடங்கி, ஓரமாகவே சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்து வருவர். நான்கு மூலைகளிலும் பூவெனப் பெயரிட்ட சிறு முக்கோணத் துணிகளை வைத்து முடிப்பர். அளவுகோலும் சட்டமும் அவர்கட்கு வேண்டுவதில்லை. கைக்கு வந்த துணியின் நிறமே அடுத்த துணியைத் தேர்ந்து கொடுக்கிறது. இவ்வேலையின் இன்பமும் அதிலேயே உள்ளது. பேசிக்கொண்டே தைக்கலாம், எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து விட்ட இடத்திற் றொடரலாம், பாட்டியின் புடவையும் பேரக்குழந்தையின் சட்டையும் ஒரே போர்வையில் வந்து சேரும்.

தைக்கும் முறை

நூற்புடவை ஏறக்குறைய 18 அடி நீளமிருக்கும். அதை மூன்றாக மடித்தால் 6 அடி நீளமும் சுமார் 4 அடி அகலமுமுள்ள மூன்றடுக்குத் துணி கிடைக்கும். ஒருவர் படுக்க இது போதும். உள்ளே பஞ்சு வைக்கவேண்டிய அவசியமில்லை. மேலடுக்கின் மீது துண்டுத் துணிகளை ஓரம் மடித்துப் பொருத்தி, அடுக்குகள் நகராதபடி முதலில் தளர்ந்த தையலிட்டுக் கொள்ளவேண்டும். பிறகு ஊசியை மேலுங் கீழுமாக ஓட்டிச் செல்லும் எளிய தையலால், ஒரு விரற்கிடை இடைவெளியில் வரிவரியாகத் தைத்து முடிக்கலாம்.

சில எச்சரிக்கைகள் அவசியம். புதுத்துணி சுருங்குமாதலால் முன்னரே நனைத்து உலர்த்தவேண்டும். சாயம் போகுமா என்பதை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்கவேண்டும். பட்டையும் பருத்தியையும் கலத்தலாகாது. இலவம் பஞ்சு தலையணைக்கு உகந்தது. ஆனால் அதன் இழை குட்டையாகவும் வழுக்குந் தன்மையாகவும் இருப்பதால், அடிக்கடி துவைக்கும் போர்வையில் அது ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பருத்திப் பஞ்சு வைப்போர் தையல் வரிகளை நெருக்கமாக இடுதல் வேண்டும்.

அனகாபுத்தூர் தரும் பாடம்

ஒரு தொழில் கைவந்தபின் மற்றொன்றை முயல்வதன் அனுகூலத்தை அறிய வெகுதூரம் போகவேண்டியதில்லை. செம்பரம்பாக்கம் ஏரியின் மிகுநீர் சென்று சேரும் அடையாற்றின் கரையிலுள்ள அனகாபுத்தூரே தக்க உதாரணம். அவ்வூர் நெசவாளர் மெட்ராஸ் கைக்குட்டை என்னும் கட்டம்போட்ட பருத்தித் துணியை நெய்து வந்தனர். அது கப்பலேறி நைஜீரியாவை அடைந்தது. அங்கே நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலாபாரி இனப் பெண்டிர் இத்துணியின் சில இழைகளைக் கத்தியால் அறுத்து உருவி, புதிய சித்திரங்களை உண்டாக்கி உடுத்தினர். வாங்கிய துணியிலும் தம் கைத்திறத்தைச் சேர்த்த அவர்கள் செயல் கருதத்தக்கது. ஆனால் 1970-களில் நைஜீரியாவில் ஏற்பட்ட மாறுதல்களால் அவ்வாணிகம் தளர்ந்தது. ஒரே தேசத்துச் சந்தையை நம்பியிருந்த தறிகள் பல ஓய்ந்தன. எஞ்சிய நெசவாளர் சிலர் வாழை நாரை நூலுடன் சேர்த்து நெய்யும் புதுமுறையைக் கைக்கொண்டு அவ்வூர்ப் பெயரை மீண்டும் நிலைநாட்டினர்.

ஆலைகளுக்கும் இவ்விதி பொருந்தும். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா கைபேசி ஆலை 2014 நவம்பரில் நின்றுபோயிற்று. ஒரே வாயிலை நம்பிய வீடு அவ்வாயில் மூடும்போது தத்தளிக்கும். இரண்டாவது தொழிலை, முதலாவது நன்றாக நடக்கும்போதே கற்றுக்கொள்ளுதல் விவேகம்.

வாழை நார்

குலை வெட்டிய மரத்தைக் காயவிடாமல் ஓரிரு நாட்களுக்குள் உபயோகிக்கவேண்டும். மட்டைகளை உரித்து, இரண்டு மூன்று அங்குல அகலமாகக் கீறி, பலகை மீது பரப்பி, மழுங்கிய இரும்புத் தகட்டால் சதையைச் சுரண்டினால் நார் வெளிப்படும். அதை அலசி நிழலில் உலர்த்தலாம். வெளிமட்டை முரட்டு நாரையும் உள்மட்டை மெல்லிய நாரையும் தரும். நடுத்தண்டு சமையலுக்கும், சுரண்டிய கழிவு எருக்குழிக்கும் ஆகும். வாடல் நோய் கண்ட மரத்தை மட்டும் தோட்டத்தை விட்டு வெளியே கொண்டு போகலாகாது. நோய் பிற தோட்டங்களுக்கும் பரவும்.

பூத்தொடுக்க வாழை நாரைக் கிழித்துப் பழகிய கைகட்கு இது முற்றிலும் புதிதன்று. முதலில் கயிறு, பை, கூடை இவற்றைப் பின்னிப் பார்த்தல் நலம். இயந்திரம் வாங்குவதும் கடன் பெறுவதும் அதன் பின்னரே. நார் பிரிக்கும் முறைகளைப் பற்றித் திருச்சிராப்பள்ளியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் விசாரித்தறியலாம்.

கணக்கு வேண்டும்

விற்க விரும்புவோர், ஒவ்வொரு பொருளுக்கும் செலவான மணி நேரத்தையும் நூலின் விலையையும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வரவேண்டும். கையால் தைத்த போர்வையை ஆலைக் கம்பளியின் விலைக்குக் கொடுப்பவர்க்குக் கூலி மிஞ்சாது. முதற்போர்வையை விற்காமல் வீட்டிலேயே உபயோகித்து, துவைத்து, எங்கே தையல் விடுகிறதென்று பார்ப்பது உத்தமம்.

கிராம அதிகாரிகளும் பஞ்சாயத்தாரும், மகளிர் சுய உதவிக் குழுவினர் வாரத்தில் ஒரு பிற்பகல் கூடித் தைக்கப் பொதுக்கட்டடத்தில் இடமளித்தால் பேருதவியாகும். நிலமுடையோர் வெட்டிய வாழை மரங்களை வரப்பில் அழுகவிடாது அவர்கட்குக் கொடுக்கலாம். வருங் கோடையில் வீட்டுக்கொரு போர்வை தைத்து முடிந்தால், அடுத்த குலை வெட்டும் சமயம் நாரிலும் கைவைக்கத் துணிவு தானே பிறக்கும்.