கேள்வி கேட்கும் பெற்றோரே குழந்தைக்குக் காவல்

செக்ரட்டின் என்பது செரிமானத்துக்கு உதவும் ஹார்மோன். அதை ஊசியாகப் போட்டதும் ஆட்டிசம் உள்ள குழந்தை பேசத் தொடங்கியதாக 1998-ல் அமெரிக்காவில் செய்தி பரவியது. பெற்றோர் அந்த மருந்தைத் தேடி அலைந்தார்கள். மறு ஆண்டு 56 குழந்தைகளிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து; மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே முன்னேற்றம்தான். மருந்தால் பலனில்லை என்று எடுத்துச் சொன்ன பிறகும், 69 சதவீதப் பெற்றோர் அதில் இன்னும் ஆர்வம் இருப்பதாகவே சொன்னார்கள்.

இதை அறியாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஆட்டிசம் உள்ள பிள்ளையும் நாளுக்கு நாள் வளர்கிறது, புதிதாகக் கற்கிறது. அந்த நேரத்தில் எந்தச் சிகிச்சை நடக்கிறதோ, பெருமை அதற்குப் போய்விடுகிறது. இன்று ஸ்டெம் செல் ஊசிக்கும் இப்படித்தான் நம்பிக்கை விற்கப்படுகிறது. இந்தியாவின் 2017 வழிகாட்டுதலில் ஸ்டெம் செல் சிகிச்சைக்கு அனுமதி பெற்ற நோய்களின் வரிசையில் ஆட்டிசம் இல்லை.

ஊசி இருக்கட்டும், பயிற்சிகள்? ஏபிஏ எனும் நடத்தைப் பயிற்சிக்குப் பெயர் வாங்கித் தந்தது உளவியலாளர் ஐவார் லோவாஸின் 1987 ஆய்வு. வாரம் 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரணப் பள்ளியில் முதல் வகுப்பை முடித்தார்கள். ஆனால், குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வல்ல அது.

அந்தப் பயிற்சியின் ஒரு காட்சி: "என்னைப் பார்" என்கிறார் பயிற்சியாளர். பார்த்தால் ஒரு துண்டு பிஸ்கட். கையை உதறினால் பிடித்து மடியில் வைக்கிறார். அந்த உதறல்தான் பதற்றத்தைத் தணித்தது என்று ஆட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களான பலர் இன்று சொல்கிறார்கள்.

எல்லாப் பயிற்சியும் வீண் என்பதல்ல. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நிபுணர் அல்லாத பணியாளர்களே பெற்றோருக்கு வழிகாட்டினார்கள். பெற்றோர் குழந்தையின் போக்குக்கு ஈடுகொடுத்துப் பேசினார்கள்; குழந்தைகள் தாமாகவே அவர்களிடம் தொடர்புகொள்ள முன்வருவதும் கூடியது. 2016-ல் வெளிவந்த ஆய்வு முடிவு இது.

ஆகவே, பணம் கட்டும் முன் கேளுங்கள்: இந்தப் பயிற்சியால் என் பிள்ளைக்கு என்ன நன்மை? முன்னேற்றத்தை எதைக் கொண்டு அளப்பீர்கள்? பலன் இல்லாவிட்டால் எப்போது நிறுத்துவீர்கள்? பிள்ளை அழுதால் என்ன செய்வீர்கள்? நான் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா?

கடைசிக் கேள்விக்கு "கூடாது" என்று பதில் வந்தால், பிள்ளையை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.