காப்பியும் கல்லீரலும்

சேலத்திற்கு வடக்கே எழுந்து நிற்பது சேர்வராயன் மலை. ஆங்கு ஏற்காட்டில் காப்பிப் பயிரைப் புகுத்தியவர், 1820களில் சேலம் மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த காக்பர்ன் என்பவர். அம்மலையில் பெரிதும் விளைவது அராபிகா இனம். அதன் கொட்டையிலுள்ள எண்ணெயில் கஃபெஸ்டால் என்றொரு பொருள் உண்டு. ரோபஸ்டா இனத்தில் அது குறைவு. அளவில் சிறிதே எனினும், நம் மரபணுக்களையே ஏமாற்ற வல்லது அப்பொருள்!

கல்லீரல் கொலஸ்டிராலைக் கொண்டு பித்த அமிலங்களை ஆக்குகின்றது. அவ்வேலைக்கு வேண்டிய நொதியை உண்டாக்க ஒரு மரபணு உளது. பித்த அமிலம் பெருகினால், குடலின் உயிரணுக்களிலுள்ள உணர்வி ஒன்று அதனைப் பற்றிக்கொண்டு மற்றொரு மரபணுவைத் தூண்டும். அதனால் பிறக்கும் புரதம் குருதி வழியே கல்லீரலை அடைந்து, ‘போதும்’ என அறிவிக்கும். உடனே முதல் மரபணு அடங்கும். ஏரி நிரம்பியதும் வரத்துக்கால் மதகை அடைப்பது போன்றது இது.

கஃபெஸ்டாலும் அவ்வுணர்வியைத் தூண்டுவதை 2007ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நகரத்து ஆய்வாளர் சுண்டெலிகளிடம் கண்டனர். ஏரி நிரம்பாமலே மதகு அடைபடுகின்றது. செலவாக வேண்டிய கொலஸ்டிரால் தேங்குகின்றது. தூளைக் கொதிக்கவைத்து வடிகட்டாது பருகும் காப்பியில் இப்பொருள் மிகுதி. தாள் வடிகட்டி அதனைப் பெரும்பாலும் தடுத்துவிடும். நம் வீட்டு உலோக வடிகட்டியின் துளைகளோ அவ்வளவு நுண்ணியன அல்ல.