வருவது யார், எதற்காக வருகிறார்கள்?

1920-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து மனையியல் துறைக்கு ஒரு கைக்குழந்தை வந்து சேர்ந்தது. பெயர் டிக்கி. மனையியலைக் குறிக்கும் ‘டொமஸ்டிக் எகானமி’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சுருக்கி ‘டோமிகான்’ என்று குடும்பப் பெயரும் வைத்தார்கள். மாணவிகள் கூட்டாகக் குடித்தனம் நடத்திப் பழகுவதற்கென்றே அங்கே ஒரு வீடு இருந்தது. சமையல் ஒருத்திக்கு, வரவு செலவுக் கணக்கு இன்னொருத்திக்கு என்று முறை வைத்து வேலை. அந்த முறைப் பட்டியலில் ‘அம்மா’ வேலையும் சேர்ந்துகொண்டது. குளிப்பாட்டுவது, பால் புகட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் மணி பார்த்து. எடையிலிருந்து எல்லாவற்றுக்கும் குறிப்பேடு. ஒருத்தியின் முறை முடிந்தால் அடுத்த அம்மா. கொஞ்ச காலத்தில் குழந்தை தத்துப் போய்விடும், வேறொன்று வரும். பல பத்தாண்டுகள் இப்படி நடந்தது. அறிவியல் முறைப்படி வளர்ந்த பிள்ளை என்று தத்தெடுக்க வந்தவர்கள் விரும்பிக் கேட்டதும் உண்டு.

இன்று படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. மாணவிகள் குழந்தை வளர்ப்பைக் கற்றார்கள், சரி. மாறி மாறி வந்த அம்மாக்களிடம் அந்தக் குழந்தை என்ன கற்றது என்று யாரும் குறிப்பேட்டில் எழுதவில்லை.

விசித்திரம் என்னவென்றால், இதே துறை தொடங்கியது நேர் எதிரான வழியில். 1900-இல் மார்த்தா வான் ரென்ஸலர் என்ற ஆசிரியை, விவசாயிகளின் மனைவிமாருக்கு அஞ்சல் வழிப் பாடம் நடத்த கார்னெலுக்கு வந்தார். பாடத்தை எழுதுவதற்கு முன் பண்ணை வீட்டுப் பெண்களுக்குக் கடிதம் போட்டு, எதைப் பற்றிப் படித்தால் உங்களுக்கு உதவும் என்று கேட்டார். 1901-இல் வந்த முதல் பிரசுரம் தாய்மையின் மேன்மையைப் பற்றியது அல்ல. வீட்டுக்குள் வீணாக நடக்கும் நடையைக் குறைப்பது எப்படி என்பதைப் பற்றியது. அடுப்புக்கும் தண்ணீருக்கும் இடையே நாளெல்லாம் அலைந்த கால்களுக்கான பாடம் அது.

குடும்ப வாழ்க்கைக் கல்வி என்று இன்று அழைக்கப்படும் துறையில் இந்த இரண்டு போக்குகளுக்கும் நடுவே இழுபறி இன்னும் ஓயவில்லை. தெரிந்தவர் சொல்லிக்கொடுப்பதா, தேவைப்படுகிறவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவதா? அமெரிக்காவில் 1938-இல் உருவான தேசியக் குடும்ப உறவுகள் மன்றம், 1985 முதல் இத்துறை ஆசிரியர்களுக்குச் சான்றிதழ் தருகிறது. அதற்குப் பத்துப் பாடப்பகுதிகள். குழந்தை வளர்ப்பு, பாலியல், குடும்பப் பொருளாதாரம், சட்டம் என்று ஒன்பதையும் புத்தகம் வைத்துப் படித்துவிடலாம். பத்தாவது, திட்டம் வகுக்கும் முறை. ஒரு நிகழ்ச்சியை யாருக்கு, எங்கே, எப்படி நடத்துவது, பலித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதெல்லாம் இதில் வரும். கல்லூரி மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

நம்மூர் மனையியல் மாணவி ஒருத்தி இதைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். கல்லூரி திருப்பூரில். ‘பதின்பருவப் பிள்ளைகளோடு பேசுவது எப்படி’ என்று தலைப்பு. தாய்மாருக்கு ஆறு வாரப் பயிற்சி. புதன்கிழமை காலை 11 மணி, கல்லூரிக் கருத்தரங்கக் கூடம். உள்ளடக்கம் பிரமாதம், ஸ்லைடுகளும் தயார். நல்ல ஆசிரியர் அதில் ஒரு வரியையும் படிக்காமல் கேட்பார்: “புதன்கிழமை பதினொரு மணிக்கு அந்த அம்மா எங்கேம்மா இருப்பாங்க?” பனியன் கம்பெனியில், ஓவர்லாக் மெஷின் முன்னால். சனிக்கிழமை சம்பள நாள். ஞாயிறு என்றால் துணி துவைக்கவும் மளிகை வாங்கவுமே சரியாக இருக்கும். அப்படியானால் வகுப்பு மகளிர் குழுக் கூட்டத்தோடு சேர வேண்டும், அல்லது கம்பெனியிலேயே டீ இடைவேளையை ஒட்டிப் பதினைந்து நிமிடம். பதினைந்து நிமிடம் என்றால் ஐம்பது ஸ்லைடில் நாற்பத்தேழு போயாக வேண்டும். மாணவிக்குக் கண்ணீர் வரும். வரட்டும்.

அடுத்து நோக்கம். ‘விழிப்புணர்வு ஏற்படுத்துதல்’ என்று எழுதாத ப்ராஜெக்ட் அறிக்கையை நான் பார்த்ததில்லை. ஏற்பட்டதா என்று எந்தக் காலத்திலும் சோதிக்க முடியாது என்பது அதில் உள்ள வசதி. ‘வாரத்தில் இரண்டு நாளாவது மார்க்கைத் தவிர வேறெதையாவது பற்றிப் பிள்ளையோடு பேசுவார்’ என்று எழுதினால் ஒரு மாதம் கழித்துப் போய்க் கேட்கலாம். தேவையையும் பிரித்துப் பார்க்கச் சொல்லித் தருகிறார்கள்: அந்த அம்மா தானே உணர்ந்த தேவை, அவருக்குத் தேவை என்று நிபுணர்கள் முடிவுகட்டியது, இனி வரப்போவது. “பையன் போனையே கட்டிக்கிட்டு அழறான்” என்பது முதல் வகை. ‘உணர்வுசார் தொடர்பாடல் திறன்’ இரண்டாம் வகை. முதலாவதைச் சொல்லி அழைத்தால் வருவார்கள். இரண்டாவதைப் பேனரில் போட்டால் காலி நாற்காலிகள்தான் மிஞ்சும்.

காலி நாற்காலிக்குப் பெரிய விலை கொடுத்த திட்டம் ஒன்று உண்டு. திருமணம் ஆகாமலேயே குழந்தை பெறவிருந்த, அல்லது அப்போதுதான் பெற்றிருந்த ஏழை ஜோடிகளுக்கு உறவைப் பேணும் பயிற்சி தர அமெரிக்க அரசு முனைந்தது. எட்டு இடங்கள், 5,000-க்கும் மேற்பட்ட ஜோடிகள், குலுக்கல் முறையில் இரு பிரிவுகள். 2010-இல் முதல் முடிவுகள் வந்தன. எட்டையும் சேர்த்துப் பார்த்தால் பலன் இல்லை. பால்டிமோரில் பயிற்சி பெறாதவர்களைவிடப் பயிற்சிப் பிரிவினர் அதிகமாகப் பிரிந்திருந்தார்கள். ஓக்லஹோமா நகரில் மட்டும் உறவு மேம்பட்டிருந்தது. அங்கே 45 சதவீத ஜோடிகள் பாடத்தில் ஐந்தில் நான்கு பங்கையாவது கேட்டிருந்தார்கள். மற்ற இடங்களில் அப்படிக் கேட்டவர்கள் 9 சதவீதம். ஓக்லஹோமாவின் பாடத்திட்டமும் வேறு என்பதால் வருகை ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. மூன்று ஆண்டுகளில் அந்த மேம்பாடும் பெரும்பாலும் கரைந்துபோனது. ஆனாலும் வராதவருக்கு எந்தப் பாடமும் பலிக்காது. மாணவர்களுக்கு நான் முதலில் கொடுக்க விரும்பும் அறிக்கை இதுதான். வெற்றிக் கதைகளை அப்புறம் படிக்கலாம்.

இன்னொன்றையும் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு பெண் தயங்கி நின்று, புருஷன் அடிக்கிறான் என்பார். இருபது வயது மாணவி அங்கே ஆலோசகர் ஆகிவிடக் கூடாது. கேட்டுக்கொள்ளலாம், நம்பலாம், பெண்களுக்கான உதவி எண் 181-ஐச் சொல்லலாம், அருகில் யாரிடம் அழைத்துப்போவது என்று முன்கூட்டியே விசாரித்து வைத்திருக்கலாம். கல்விக்கும் சிகிச்சைக்கும் நடுவிலுள்ள கோட்டை வில்லியம் டோஹர்ட்டி என்ற குடும்ப உளவியல் அறிஞர் 1995-இல் படிப்படியாக வரைந்து காட்டினார். அந்தக் கோடு எங்கே என்று தெரியாமல் மாணவர்களைக் களத்துக்கு அனுப்புவது பொறுப்பில்லாத காரியம்.

நல்ல திட்டத்துக்கு மாதிரி தேடி அமெரிக்கா வரை போகத் தேவையில்லை. தமிழ்நாட்டில் அங்கன்வாடிகளை நடத்தும் குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் சார்பில் நடக்கும் சமுதாய வளைகாப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘கர்ப்பகால ஊட்டச்சத்து வகுப்பு’ என்று அழைத்திருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்கள்? வளையல், மாலை, சந்தனம், குங்குமம், கலவை சாதம் என்றதும் கல்யாண மண்டபம் நிறைகிறது. சனங்களின் மனதில் ஏற்கெனவே இருக்கும் சடங்கில் பாடத்தைக் கோத்த இந்த யோசனைக்கு முழு மதிப்பெண் போடலாம். கத்தோலிக்கத் திருச்சபையின் திருமணத் தயாரிப்பு வகுப்புக்கு வேறு பலம்: சான்றிதழ் இல்லாமல் கோயிலில் கல்யாணம் நடக்காது, ஆகவே மாப்பிள்ளையும் பெண்ணும் வந்தே தீர வேண்டும். வருகைப் பிரச்சினை இல்லை. ஆனால் கட்டாயத்துக்கு வந்து உட்கார்ந்தவரைக் கேட்கவைப்பது தனிப் பாடு.

வளைகாப்பில் குறை, மைக் சிறப்பு விருந்தினர் கையில் இருப்பது. பேச்சு நீளும், கீரை, இரும்புச்சத்து மாத்திரை பற்றிய தகவல் கடைசி ஐந்து நிமிடத்தில் ஓடிவிடும். மாணவிகளிடம் இதைக் கொடுத்து, நிகழ்ச்சியை மாற்றாமல் பாடத்தை மட்டும் மாற்றி வகுத்துக்கொண்டு வா என்று சொல்லிப் பார்க்கலாம். கூர்மையான மாணவி மேடையை விட்டுவிட்டு, மாலையோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குப் பின்னால் துணைக்கு வந்திருப்பவர்களைப் பார்ப்பாள். பெரும்பாலும் அம்மா அல்லது மாமியார். பல வீடுகளில் கர்ப்பிணியின் தட்டில் என்ன விழும், பப்பாளி கூடாது, கத்தரிக்காய் கூடாது என்று தீர்மானிப்பவரே அவர்தான். பாடம் அந்த மாமியாருக்கு என்று ஆகிவிட்டால் நேரம், இடம், மொழி, உதாரணம் எல்லாமே மாறும். சாப்பாட்டுப் பந்தியில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “நீங்க மாசமா இருந்தப்ப என்ன சாப்பிட்டீங்கம்மா?” என்று ஆரம்பிக்கலாம். புருஷன்மார் வராததற்கு வேறு திட்டம் வேண்டும். அது அடுத்த செமஸ்டருக்கு.