ஒரு பத்திரிகையாசிரியரும் அவருடைய எழுத்தாளர்களும்

2019 ஆகஸ்ட் 18 அன்று, அயர்லாந்தின் டப்ளின் நகரில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில், சிறந்த புதிய எழுத்தாளருக்கான 'ஜான் டபிள்யூ. கேம்ப்பெல் விருது' ஜெனெட் இங்குக்கு வழங்கப்பட்டது. ஹாங்காங்கில் பிறந்த இந்த இளம் எழுத்தாளர் தமது ஏற்புரையின் தொடக்கத்திலேயே, விருதுக்குப் பெயர் தந்த கேம்ப்பெல் ஒரு பாசிசவாதி என்றார். அரங்கில் கைதட்டலும் எழுந்தது, அதிர்ச்சியும் எழுந்தது. ஒன்பதே நாள்களில் விருதின் பெயர் 'அஸ்டவுண்டிங் விருது' என்று மாற்றப்பட்டது. மாற்றத்தை அறிவித்தது வேறு யாருமல்ல. கேம்ப்பெல் முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக ஆசிரியராக இருந்த 'அனலாக்' இதழேதான்.

இறந்து நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆன ஒருவரை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்ற கேள்வி உடனே கிளம்பியது. இளைய தலைமுறை திடீரென்று கிளப்பிவிட்ட சச்சரவு இது என்றும் சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேம்ப்பெலின் கருத்துகள் முதலில் உறுத்தியது 2019-இன் இளைஞர்களுக்கு அல்ல. 1940-இல் அவரிடம் கதை கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கே. அவர்கள் மேடையேறிப் பேசவில்லை என்பதால் எதிர்வினையே ஆற்றவில்லை என்று ஆகிவிடாது.

கேம்ப்பெல் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1937-இன் இறுதியில், 'அஸ்டவுண்டிங்' என்ற மலிவு விலைக் கதை இதழின் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு வயது 27. 1960-இல் 'அனலாக்' எனப் பெயர் மாறிய அந்த இதழுக்கு 1971-இல் இறக்கும்வரை அவர்தாம் ஆசிரியர். ஐசக் அசிமோவ், ராபர்ட் ஹைன்லைன் போன்றவர்களை வளர்த்தெடுத்தவர். பலமுறை திரைப்படமான 'ஹூ கோஸ் தேர்?' என்ற கதையை எழுதியவர். அசிமோவின் புகழ்பெற்ற மூன்று ரோபாட்டிக்ஸ் விதிகளைத் தெளிவாக வகுத்துச் சொன்னதே கேம்ப்பெல்தான் என்று அசிமோவ் கூறியிருக்கிறார். அவை உன் கதைகளிலேயே இருந்தன என்று கேம்ப்பெல் மறுத்தார். இப்படியோர் ஆசிரியர் வாய்க்க எந்த எழுத்தாளனும் ஏங்குவான்.

அதே மனிதர், வடமேற்கு ஐரோப்பிய வழிவந்தோரே மனித இனத்தின் உச்சம் என்று நம்பினார். குடிமை உரிமைப் போராட்டம் அமெரிக்காவை உலுக்கிய 1960-களில், தம் தலையங்கங்களில் இனப் பிரிவினைக்கு ஆதரவாக எழுதினார். அடிமை முறைக்குப் பரிந்து பேசும் வாதங்களைக்கூட முன்வைத்தார். விவாதத்தைத் தூண்டவே அவர் அப்படிச் செய்தார் என்று நண்பர்கள் சமாதானம் சொல்வதுண்டு. தூண்டிவிடப்படுவது எப்போதும் எதிரில் இருப்பவரின் மானம் என்பதை இந்தச் சமாதானம் கண்டுகொள்வதில்லை.

எழுத்தாளர்களின் முதல் எதிர்வினைக்கு அசிமோவ்தான் சிறந்த சாட்சி. ரஷ்யாவில் யூதக் குடும்பத்தில் பிறந்து, புரூக்ளினில் தந்தையின் மிட்டாய்க் கடையில் நின்றபடி கதை இதழ்களைப் படித்து வளர்ந்தவர். கேம்ப்பெலை முதன்முதலில் சந்தித்தபோது அவருக்கு வயது 18. தம்மை எழுத்தாளன் ஆக்கியவர் அவரே என்று கடைசிவரை நன்றியோடு சொல்லிவந்தார். 1940-இல் வெளியான அசிமோவின் 'ஹோமோ சோல்' கதையில் மனிதர்களும் வேற்றுலக உயிரினங்களும் சந்திக்கின்றனர். மனிதரே உயர்ந்தோர் என்பது ஓங்கித் தெரியும்படி கதையைத் திருத்தச் செய்தார் கேம்ப்பெல். ஐரோப்பாவில் ஹிட்லரின் படைகள் முன்னேறிக்கொண்டிருந்த நேரம் அது. மனிதர் - வேற்றுயிர் என்ற ஏற்றத்தாழ்வுக்குப் பின்னால், ஓர் இனம் மற்றோர் இனத்தைவிட உயர்ந்தது என்ற எண்ணம் ஒளிந்திருப்பதை அந்த யூத இளைஞர் உணர்ந்தார்.

அவர் சண்டை போடவில்லை. கதை விற்பதையும் நிறுத்தவில்லை. வேற்றுயிரினங்களே இல்லாத, மனிதர்கள் மட்டுமே வாழும் ஒரு பால்வெளியைப் படைத்துக்கொண்டார். ஒப்பிட ஆளில்லை என்றால் உயர்வுதாழ்வுப் பேச்சுக்கு இடமில்லை அல்லவா? 1942 முதல் வெளிவரத் தொடங்கிய 'ஃபவுண்டேஷன்' கதைகளில் கோடிக்கணக்கான கோள்களில் மனிதர்களைத் தவிர வேறு அறிவுயிர் இல்லாததற்கு இதுவே காரணம் என்று பின்னாளில் அவரே பதிவு செய்திருக்கிறார். நான் அந்தக் கதைகளைப் படித்தபோது அதை ஒரு மாபெரும் கற்பனைத் துணிவு என்றே எடுத்துக்கொண்டேன். ஒரு பத்திரிகையாசிரியரின் இனத் திமிரிலிருந்து தப்ப ஓர் இளைஞர் கண்ட ஒதுங்கிடம் அது என்பது எந்தப் பக்கத்திலும் தெரியாது. 1972-இல், கேம்ப்பெல் இறந்த மறு ஆண்டில், அசிமோவின் 'தி காட்ஸ் தெம்செல்வ்ஸ்' நாவல் வெளிவந்தது. அதன் நடுப்பகுதி முழுவதும் வேற்றுயிரினங்களின் வாழ்க்கைதான். இரண்டையும் முடிச்சுப் போட்டு நான் எதையும் நிறுவ முற்படவில்லை. ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்க்கிறேன், அவ்வளவே.

ஹைன்லைன் வேறு வழியில் போனார். 'பான் ஏசியர்' என்ற ஆசியப் படையெடுப்பாளர்களை அமெரிக்கர்கள் வெல்லும் கதையொன்றை, கேம்ப்பெல் தாமே எழுதி வெளியிடாமல் வைத்திருந்தார். அதை ஹைன்லைனிடம் கொடுத்து நாவலாக்கச் சொன்னார். பணத் தேவை இருந்த ஹைன்லைன் ஏற்றுக்கொண்டார். 1941-இல் 'சிக்ஸ்த் காலம்' புனைபெயரில் தொடராக வந்தது. மூலக் கதையின் இனவெறியை மட்டுப்படுத்த வேண்டியிருந்தது என்றும், அந்த நாவலைத் தமது சாதனையாகத் தாம் கருதவில்லை என்றும் பின்னாளில் அவர் எழுதினார். மட்டுப்படுத்திய பிறகும் அதில் எஞ்சியிருப்பது இன்று படிப்பவரைக் கூசச் செய்யும்.

ஒருவர் விலகி நடந்தார், மற்றவர் முனை மழுக்கினார். இருவருமே ஏன் வெளிப்படையாகப் பேசவில்லை என்று கேட்டால், விடை மிக எளிது: அன்று நல்ல விலையும் மதிப்பும் தந்த இதழ் அது ஒன்றுதான். 1949-இலும் 1950-இலும் 'தி மேகசின் ஆஃப் ஃபேன்டசி அண்ட் சயின்ஸ் ஃபிக்‌ஷன்', 'கேலக்சி' ஆகியவை பிறந்த பிறகே நிலைமை மாறியது. கேலக்சி கூடுதல் சன்மானமும் தந்தது. அதே 1950-இல் எல். ரான் ஹப்பர்டின் 'டயனெடிக்ஸ்' எனும் போலி உளவியலைத் தம் இதழில் கேம்ப்பெல் தூக்கிப் பிடிக்கவே, சலிப்புற்றிருந்த பலருக்கு வெளியேற வாசலும் இருந்தது, காரணமும் கிடைத்தது. எழுத்தாளனின் துணிவைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் அவன் மனச்சாட்சியைப் பற்றியே பேசுகிறோம். அவனுக்கு இன்னொரு பத்திரிகை இருந்ததா என்று கேட்பதில்லை. பிரிட்டனில் மைக்கேல் மூர்காக் 1964-இல் 'நியூ வேர்ல்ட்ஸ்' இதழின் ஆசிரியரானார். 1970-களில் கேம்ப்பெல் மரபின் அரசியலைக் கடுமையாகச் சாடிக் கட்டுரை எழுதினார். சொந்தமாக ஒரு மேடை வைத்திருந்தவர் அவர்.

சாமுவேல் டிலேனியின் அனுபவம்தான் எனக்கு மிகவும் வலிக்கிறது. கறுப்பினத்தவரான அவர், 25 வயதிலேயே நெபுலா விருது பெற்றவர். 'நோவா' நாவலை அனலாக்கில் தொடராக வெளியிட அனுப்பினார். நாயகன் லார்க் வான் ரேயின் தாய் செனகல் நாட்டவர், தந்தை நார்வேக்காரர். மறுப்பு டிலேனிக்கு நேரில் வரவில்லை, அவருடைய முகவருக்குத் தொலைபேசியில் வந்தது. நாவலில் மற்றவை நன்றாகவே இருக்கின்றன. ஆனால் ஒரு கறுப்பின நாயகனோடு தம் வாசகர்களால் ஒன்ற முடியாது என்று கேம்ப்பெல் கருதினாராம். கவனியுங்கள், இதில் வசைச்சொல் ஒன்றுகூட இல்லை. பழி முழுவதும் பாவம், வாசகர் தலையில். அந்த வாசகரைக் கேட்டது யார்? 'நோவா' 1968-இல் நூலாக வந்தது. டிலேனி இந்நிகழ்வை விரிவாக எழுதியதோ, 1998-இல் வெளியான 'அறிவியல் புனைகதையும் இனவெறியும்' என்ற கட்டுரையில்! ஒரு தனிமனிதரின் வன்மமாக அல்லாமல், ஓர் அமைப்பு இயங்கும் விதமாகவே அவர் அதை விளக்கினார்.

கேம்ப்பெலின் மறுபக்கத்தையும் மறைக்க வேண்டியதில்லை. பாலைவன மக்களின் எழுச்சியைச் சொல்லும் ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' முதலில் தொடராக வந்தது அவர் இதழில்தான். ஆன் மெக்காஃப்ரி அனலாக்கில் எழுதிய கதை 1968-இல் ஹியூகோ விருது பெற்றது. புனைவுக்காக அவ்விருதைப் பெற்ற முதல் பெண் அவர். ஆனால் 'அந்தக் காலம் அப்படி' என்ற வாதத்தை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. அசிமோவும் அதே காலத்தவர், அதே அறையில் அமர்ந்திருந்தவர். அவருக்குத் தெரிந்தது கேம்ப்பெலுக்குத் தெரியாமல் போனதற்குக் காலத்தைக் குற்றம் சொல்ல முடியாது.

ஜெனெட் இங்கின் அந்த ஏற்புரைக்கே 2020-இல் ஹியூகோ விருது கிடைத்தது. அவ்வாண்டு பெருந்தொற்றினால் இணையவழியில் நடந்த விழாவைத் தொகுத்து வழங்கியவர் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின். கேம்ப்பெல் பெயரிலான விருது 1973-இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது இறுதிப் பட்டியலில் இருந்தவர்களில் அவரும் ஒருவர். பழைய நினைவுகளில் தோய்ந்து, விழா நெடுகிலும் கேம்ப்பெலின் பெயரை அவர் மீண்டும் மீண்டும் குறிப்பிட்டார். பட்டியலில் இருந்த இளைய எழுத்தாளர்கள் சிலரின் பெயர்களைத் தவறாக உச்சரித்தார். அதற்கும் கண்டனங்கள் எழுந்தன. அந்த இரவில் அஸ்டவுண்டிங் விருது, அப்பெயரில் முதல்முறையாக, சீனாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஆர்.எஃப். குவாங்குக்கு வழங்கப்பட்டது.