அளவுமாதிரிப் பந்தயத் தானுந்துகளில் இருநிறப் பூச்சு

இருநிறப் பூச்சு என்பது, உண்மையான பந்தயத் தானுந்து ஒன்றைக் குறிப்பிட்ட விகிதத்தில் சிறிதாக்கிச் செய்த அளவுமாதிரியின் உடற்பகுதியில், இரண்டு நிறங்களைத் தெளிவான எல்லைக்கோட்டுடன் பூசும் முறை ஆகும். இம்முறையில் நிறங்களைப் பூசுவதைவிட, அவை சந்திக்கும் கோட்டைக் கூர்மையாகப் பெறுவதே கடினமானது. முதல் நிறம் முழுமையாக உலராமலோ மறைப்பு நாடாவின் ஓரம் சரியாக ஒட்டாமலோ இருந்தால், பல நாள் வேலை நாடாவை உரிக்கும் நொடியில் கெட்டுவிடும்.

பந்தயத் தானுந்துகளின் நிறங்கள்

20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பந்தயத் தானுந்துகள் தத்தம் நாட்டின் நிறத்தைத் தாங்கின. பிரித்தானியாவுக்குப் பச்சை, பிரான்சுக்கு நீலம், இத்தாலிக்குச் சிவப்பு ஆகியவை உரியனவாக இருந்தன. 1960களில் பிரித்தானியாவின் லோட்டசு அணி பச்சை உடலில் மஞ்சள் பட்டையைப் பயன்படுத்தியது. 1968 இல் விளம்பரதாரர் நிறங்கள் அனுமதிக்கப்பட்டபின், அதே அணி சிவப்பு, வெள்ளை, பொன் நிறங்களுக்கு மாறியது.

1999 இல் பிரிட்டிசு அமெரிக்கன் ரேசிங் அணி தனது இரண்டு தானுந்துகளுக்கும் இரு வேறு விளம்பர நிறங்களைப் பூச விரும்பியது. ஓர் அணியின் தானுந்துகள் ஒரே தோற்றத்தில் இருக்க வேண்டும் என்ற விதியினால் இதற்கு அனுமதி கிடைக்கவில்லை. எனவே ஒவ்வொரு தானுந்தின் ஒரு பக்கத்தில் சிவப்பு வெள்ளையும் மறுபக்கத்தில் நீலமும் பூசப்பட்டு, நடுவில் ஜிப் திறந்திருப்பது போன்ற ஓவியம் வரையப்பட்டது.

சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2011 ஆம் ஆண்டு செருமானியக் கிராண்ட் பிரீ பந்தயத்தில் ஓட்டிய லோட்டசு டி128 தானுந்தும் பச்சை, மஞ்சள் நிறங்களைக் கொண்டது. 1960களின் நிறங்களை நினைவூட்டும் இத்தானுந்தில் அவர் 20 ஆவதாக வந்தார். இருநிறப் பூச்சைப் பழகுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு என்பதால், கீழே இதுவே பயன்படுத்தப்படுகின்றது.

அளவும் பூச்சின் தடிப்பும்

பார்முலா 1 தானுந்துகளின் நெகிழி மாதிரிகள் பெரும்பாலும் 1/20 அளவிலும், பிற பந்தயத் தானுந்துகள் 1/24 அளவிலும் கிடைக்கின்றன. 4.8 மீட்டர் நீளமுள்ள தானுந்து 1/20 அளவில் 24 செ.மீ. ஆகிறது. ஆனால் பூச்சு இவ்வாறு சிறிதாவதில்லை. இரு நிறங்கள் சந்திக்குமிடத்தில் 0.1 மி.மீ. உயரத்தில் ஒரு வரம்பு உருவானால், அது உண்மையான தானுந்தில் 2 மி.மீ. உயர வரம்புக்கு ஒப்பாகும். ஆகவே ஒரு தடித்த பூச்சைவிடப் பல மெல்லிய பூச்சுகளே விரும்பப்படுகின்றன.

பூச்சு வகைகள்

மாதிரிகளுக்கு மூன்று வகைப் பூச்சுகள் பயன்படுகின்றன.

* அக்ரிலிக்: நீர் அல்லது ஆல்ககால் கொண்டு நீர்க்கச் செய்யப்படுவது. மணம் குறைவு.
* எனாமல்: டர்பென்டைன் போன்ற மென்மையான கரைப்பானில் கரைவது. உலர ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும்.
* லாக்கர்: தின்னரில் கரைவது. விரைவில் உலர்ந்து கடினமாகும்.

லாக்கரின் மேல் எனாமலைப் பூசலாம். எனாமலின் மேல் லாக்கரைப் பூசினால், வலிய கரைப்பான் அடிப்பூச்சைத் தாக்கிச் சுருங்கச் செய்யும். இரு சக்கர வண்டிகளுக்குப் பயன்படும் என்.சி. தின்னர், பாலிசுட்டைரீன் நெகிழியையே கரைக்கக்கூடியது. எனவே மாதிரியில் பூசுமுன், பாகங்கள் இணைந்து வரும் சட்டத்தின் துண்டு ஒன்றில் சோதித்துப் பார்த்தல் வேண்டும்.

எந்த நிறம் முதலில்?

பொதுவாக வெளிர் நிறமே முதலில் பூசப்படும். மஞ்சளுக்கு அடிநிறத்தை மறைக்கும் திறன் குறைவு. பச்சையின் மேல் மஞ்சளைப் பூசினால் அது அழுக்கேறியதுபோல் தோன்றும். நிறம் எழும்வரை பூசினால் தடிப்பு கூடிவிடும். மஞ்சளின் மேல் பச்சை எளிதில் மூடிக்கொள்ளும். மேலும், டி128 போன்ற மாதிரியில் மஞ்சள் குறுகிய பகுதி ஆகையால், அதை மட்டும் மறைக்கச் சிறிதளவு நாடாவே போதும்.

சிவப்பின் மேல் வெள்ளை பூசுவதில் மற்றொரு சிக்கல் உண்டு. சில சிவப்புச் சாயங்கள் மேற்பூச்சின் கரைப்பானில் கரைந்து வெள்ளையை இளஞ்சிவப்பாக்கிவிடும். சிவப்பு நெகிழியில் வார்க்கப்பட்ட மாதிரிகளிலும் இது நிகழ்வதுண்டு. இடையில் ஒரு வெள்ளி நிறப் பூச்சு இட்டு இதைத் தடுக்கலாம்.

செய்முறை

# பாகங்களைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்த வேண்டும். விரல் எண்ணெய் படிந்த இடத்தில் பூச்சு ஒட்டாது.
# வெள்ளை அடிப்பூச்சு பூசி, உலர்ந்தபின் நுண்ணிய உப்புத்தாளை நீரில் நனைத்து மெதுவாகத் தேய்க்க வேண்டும்.
# மஞ்சளை மூன்று அல்லது நான்கு மெல்லிய பூச்சுகளாகப் பூச வேண்டும். காற்றுத் தூரிகையாயின் பூச்சு பால் போன்ற பதத்திலும், அழுத்தம் 15 முதல் 20 பி.எசு.ஐ. வரையும் இருப்பது வழக்கம்.
# மஞ்சள் முழுமையாக உலர்ந்தபின், மஞ்சளாக இருக்க வேண்டிய பகுதியின் மேல் நாடாவை ஒட்ட வேண்டும். வளைவுகளில் 1 அல்லது 2 மி.மீ. அகல நாடா எளிதில் வளையும்.
# நாடாவின் ஓரத்தின் மீது மீண்டும் மஞ்சளையே மெல்லியதாகப் பூச வேண்டும்.
# அது உலர்ந்தபின் பச்சையை மெல்லிய பூச்சுகளாகப் பூச வேண்டும்.
# பச்சை தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும், நாடாவைத் தன்மீதே மடித்தவாறு மெதுவாக இழுத்து உரிக்க வேண்டும்.

கசிவும் அதன் தடுப்பும்

மேற்கண்ட ஐந்தாவது படியே இம்முறையின் உயிர்நாடி ஆகும். எவ்வளவு நன்றாக அழுத்தினாலும், நாடாவுக்கும் பரப்புக்கும் இடையில் மிகச்சிறிய இடைவெளிகள் இருக்கும். நுண்புழை விளைவினால் நீர்மப் பூச்சு அவற்றினுள் ஈர்க்கப்படுகின்றது. முதலில் மஞ்சளே பூசப்படுவதால், உள்ளே புகுவதும் மஞ்சளாகவே இருக்கும். மஞ்சளின் மேல் அது தெரியாது. இடைவெளிகள் அடைபட்டபின் வரும் பச்சைக்குப் புகும் வழி இல்லை.

எழுதுபொருள் கடைகளில் கிடைக்கும் சாதாரண மறைப்பு நாடாவின் ஓரம் சொரசொரப்பானது. அதைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, கூரிய அலகால் புதிய ஓரம் வெட்டிப் பயன்படுத்தலாம். பசை மிகுதியாக இருந்தால், உள்ளங்கையில் ஒருமுறை ஒட்டி எடுத்தால் ஒட்டும் வலிமை குறையும். செலோ நாடா அடிப்பூச்சைப் பெயர்த்துவிடக்கூடும் என்பதால் தவிர்க்கப்படுகின்றது.

தட்பவெப்பத்தின் தாக்கம்

பூச்சு உறைகளில் அச்சிடப்பட்டுள்ள குறிப்புகள் பெரும்பாலும் மிதமான தட்பவெப்பத்தைக் கருதியவை. அரியலூர் மாவட்டத்தின் ஜெயங்கொண்டம் போன்ற உள்நாட்டு ஊர்களில் இவற்றைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டியுள்ளது. கோடையின் நண்பகலில் பூச்சுத் துளிகள் பரப்பை அடையுமுன்னரே உலர்ந்து, மணல் தூவியதுபோல் படியும். இதனால் பரப்பு சொரசொரப்பாவதுடன் நாடாவும் சரியாக ஒட்டாது. அதிகாலையில் பூசுதல், மெதுவாக ஆவியாகும் தின்னரைப் பயன்படுத்துதல், தூரிகையைச் சற்று அருகில் பிடித்தல் ஆகியன இதற்குத் தீர்வாகும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிலைமை நேர்மாறானது. லாக்கரின் கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிர்கின்றது. காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து பூச்சை வெண்மையாக மங்கச் செய்கின்றது. மழை நாட்களில் லாக்கரைத் தவிர்ப்பதே நல்லது. தூசியைக் குறைக்க, பூசுமுன் தரையில் நீர் தெளிக்கலாம்.

பாதுகாப்பு

லாக்கர், எனாமல் கரைப்பான்களின் ஆவி எளிதில் தீப்பற்றக்கூடியது. தலைவலியையும் மயக்கத்தையும் உண்டாக்கும். அடுப்பு, விளக்கு ஆகியவற்றிலிருந்து விலகிக் காற்றோட்டமான இடத்திலேயே பூச வேண்டும். துணி முகமூடி ஆவியைத் தடுக்காது; கரிம ஆவிகளுக்குரிய வடிகட்டி கொண்ட சுவாசக் கவசம் தேவை.

தானுந்துப் பட்டறைகளில் பயன்படும், கடினமாக்கியைக் கலந்து பூசும் இருகூற்றுப் பாலியூரித்தேன் மெருகுப்பூச்சு, மாதிரிகளுக்கு மிகுந்த பளபளப்பைத் தரும். ஆயினும் இதன் கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேட்டுகள் நிலையான ஆசுத்துமா நோயை உண்டாக்கக்கூடியவை. உரிய கவசமும் காற்றுப்போக்கியும் இல்லாத வீடுகளில் இதனைத் தெளித்தல் கூடாது. மாணவர்களுக்கு அக்ரிலிக் பூச்சே ஏற்றது. மேற்கூறிய மறைப்பு முறை அதற்கும் அவ்வாறே பொருந்தும்.